பிஐடி: ‘ரீசெட்’டுக்கு ‘மீட்டமைப்பு’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். பிஐடி என்பது வெப்பம் போன்ற ஓர் அளவை வைத்த இடத்திலேயே தானாக நிறுத்தும் கட்டுப்பாட்டு முறை. அதில் விகிதம் (புரொபோர்ஷனல்), இன்டெக்ரல், டெரிவேட்டிவ் என்று மூன்று செயல்கள். இன்டெக்ரல் செயலுக்கே ரீசெட் என்றும் பெயர். அதற்கான தமிழ்ச் சொல் பற்றிக் குழுவில் வந்த கேள்வி இது:

> இன்டெக்ரல் ஆக்‌ஷனுக்கு ‘ஒருங்கிணைப்புச் செயல்’ என்றும், ரீசெட்டுக்கு ‘மீட்டமைப்பு’ என்றும் வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம் என்பேன். ஒருங்கிணைப்பு என்றால் விழாக் கமிட்டி ஞாபகம்தான் வருகிறது. இங்கே நடப்பது கூட்டல். பிழை (வைத்த அளவுக்கும் உண்மை அளவுக்கும் உள்ள வித்தியாசம்) நீடிக்கும் நேரமெல்லாம் அதைக் கூட்டிக்கொண்டே போய், அந்தத் தொகைக்கு ஏற்ப வெளியீட்டை நகர்த்துவது. பாடநூல்களில் ‘தொகையிடல்’ ஏற்கெனவே இருப்பதால் ‘தொகைத் திருத்தம்’ போதும். மலையாளத்திலும் தெலுங்கிலும் உள்ள ‘சமாகலனம்’ நமக்கு ஒட்டாது. எங்கள் வண்டிப்பெரியார்ப் பக்கம் மலையாளிகளும் வேலையிடத்தில் ரீசெட் என்றுதான் சொல்கிறார்கள்.

மீட்டமைப்பில் சிக்கல் பெரிது. போனை மீட்டமைத்தால் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். இந்த ரீசெட் எதையும் அழிப்பதில்லை. தேயிலை உலர்த்தியின் வெப்பக்காற்றை 95 டிகிரிக்கு வைத்திருக்கிறோம், மழைக்கால ஈர விறகால் சூடு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதச் செயல் (பிழையின் அளவுக்கு ஏற்ப மட்டும் திறப்பது) மட்டும் இருந்தால், பிழை இருக்கும்வரைதான் டாம்பர் (அடுப்புக்குக் காற்று விடும் மடல்) கூடுதலாகத் திறந்திருக்கும். அதனால் 92-க்குப் பக்கத்தில் எங்கோ நின்றுவிடும். முன்பெல்லாம் ஆபரேட்டர் அடிப்படைத் திறப்பையே கையால் மாற்றிவைத்து அந்த மூன்று டிகிரியைச் சரிக்கட்டுவார். அந்தக் கைவேலையைக் கருவியே செய்யத் தொடங்கியதால் வந்த பெயர்தான் ‘தானியங்கி ரீசெட்’. கட்டுப்பாட்டுப் பொறியாளர்களான சீக்லரும் நிக்கல்சும் 1942-இல் எழுதிய கட்டுரையிலும் இதே பெயர்தான்.

அடுத்தது, எனக்கு முக்கியமாகப் படுவது. தொகைத் திருத்தம் எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும் என்று நாம் வைக்கும் எண், சில கருவிகளில் நேரமாக இருக்கும், சிலவற்றில் வீதமாக. மாறாத ஒரு பிழைக்கு விகிதச் செயல் டாம்பரை 8 சதவீதம் திறக்கிறது என்றால், தொகைத் திருத்தம் இன்னொரு 8 சதவீதம் சேர்க்க எடுக்கும் காலமே ‘தொகை நேரம்’. அது 2 நிமிடம் என்றால், ‘தொகை வீதம்’ நிமிடத்துக்கு 0.5 தடவை. நேரத்தைக் கூட்டினால் திருத்தம் மந்தமாகும். வீதத்தைக் கூட்டினால் வேகமெடுத்து அலைபாயும். இரண்டுக்கும் பொதுவாக ‘தொகை அளவு’ என்று ஒரே சொல்லைப் போட்டால், கையேட்டைப் படிப்பவர் எதிர்ப்பக்கம் திருகிவிடுவார். அதனால் பெயரிலேயே நேரம், வீதம் என்று இருந்தாக வேண்டும்.

வைண்டப்புக்கு (வெளியீடு எல்லையைத் தொட்ட பிறகும் தொகை பெருகிக்கொண்டே போவதற்கு) ‘தொகை வீக்கம்’ சொல்கிறேன். அடுப்பில் விறகு தீர்ந்து, டாம்பர் முழுக்கத் திறந்த பிறகும் தொகை ஏறிக்கொண்டே இருக்கும். புது விறகு பிடித்ததும் சூடு 95-ஐத் தாண்டிப்போகும். எதிர்ப்பிழை சேர்ந்து தொகை வடியும்வரை டாம்பர் மூடாது; அதற்குள் தூள் கருகிவிடும். ‘முறுக்கேற்றம்’ சொன்ன நண்பர் மன்னிக்கவும், அதில் இந்தத் தேங்கல் வரவில்லை.

டெரிவேட்டிவுக்கு ‘வகைக்கெழுச் செயல்’ சரிதானா என்பதைத் தனி இழையில் பேசலாம்.