விலங்குகளின் நகர்வுத் தடத்தைப் பகுதிகளாகப் பிரிப்பது குறித்து வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். கழுத்துப்பட்டையில் பொருத்திய ஜிபிஎஸ் கருவிகள் மணிக்கு ஒரு முறை பதிவு செய்த மான்களின் இருப்பிடத் தரவை ஓய்வு, மேய்ச்சல், இடப்பெயர்வு எனப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் சில அளவீடுகளாகச் சுருக்க முயன்று வருகிறேன்.

அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவுக்குக் காமா பரவலையும் (நேர்மதிப்புகளுக்கான நிகழ்தகவுப் பரவல்), திரும்பும் கோணத்துக்கு வான் மீசஸ் பரவலையும் (கோணங்களுக்கான நிகழ்தகவுப் பரவல்) எடுத்துக்கொண்டு, நேரடியாகக் காண முடியாத நடத்தை நிலைகளைத் தரவிலிருந்து ஊகிக்கும் மறைநிலை மார்க்கோவ் மாதிரியை ஆர் எனும் புள்ளியியல் நிரல்மொழியில் பொருத்தினேன். இரண்டு நிலைகள் தெளிவாகப் பிரிகின்றன. மூன்றாவதைச் சேர்த்தால் ஏஐசி மதிப்பு (மாதிரிகளை ஒப்பிடும் அளவுகோல்; குறைவாக இருப்பதே நல்லது) குறைகிறது. ஆனால் அந்த நிலைக்கு உயிரியல் பொருள் எதுவும் புலப்படவில்லை. படுத்திருக்கும் விலங்கின் புள்ளிகளும் ஜிபிஎஸ் பிழையால் சில மீட்டர் தள்ளித் தள்ளி விழுவதால், தொலைவு சுழியாவதில்லை, கோணங்களோ 180 பாகையை ஒட்டிக் குவிகின்றன. மூன்றாவது நிலை இந்தப் பிழையைத்தான் பிடிக்கிறது என்பது என் வலுவான ஐயம். இதை உறுதிசெய்ய வழி உண்டா?

பருவ இடப்பெயர்வின் தொடக்கத்தையும் முடிவையும் காண நிகர இடப்பெயர்ச்சியின் (தொடக்கப் புள்ளியிலிருந்து நேர்கோட்டுத் தொலைவின்) வர்க்கமே போதும் என்று கருதுகிறேன்.

ஓர் இடத்தில் விலங்கு தங்கும் நேரத்துக்கு, 2003-இல் ஃபவுஷால்டும் ட்வேராவும் முன்வைத்த முதல் கடப்பு நேர முறையை (குறிப்பிட்ட ஆரமுள்ள வட்டத்தைக் கடக்க விலங்கு எடுக்கும் நேரத்தை அளப்பது) பயன்படுத்துகிறேன். அதில் அந்த நேரத்தின் மடக்கை மதிப்பின் மாறுபாடு உச்சமடையும் ஆரம் விலங்குக்கு விலங்கு வேறுபடுகிறது. ஒப்பிடுவதற்காக அனைத்துக்கும் ஒரே ஆரத்தை வைப்பது முறையா? மேலும், பல மணி நேரம் புள்ளிகள் விடுபட்ட இடங்களில் இடைக்கணிப்பு செய்து அவற்றை ஊகித்து நிரப்புவதைவிடத் தடத்தை அங்கேயே துண்டிப்பது நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தகைய தரவைக் கையாண்டவர்கள் தங்கள் அணுகுமுறையைப் பகிர்ந்தால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.