தலையாட்டி பொம்மையை வேன்ல எப்படிக் கொண்டு போறது?

வணக்கம் உறவுகளே, ஒரு யோசனை சொல்லுங்க. பழைய டெம்போ டிராவலரைப் படுக்கை, அடுப்போட வீடு மாதிரி மாத்தி, நானும் வீட்டுக்காரரும் டெல்டாவைச் சுத்திட்டு இருக்கோம். போற ஊர்ல எல்லாம் ஞாபகத்துக்கு ஒண்ணு வாங்கணும் எனக்கு.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு பிரச்சனையே இல்லை. அன்னம், தட்டு, தண்டு, பாதம்னு மரை கழட்டி, பழைய வேட்டியில சுத்திப் படுக்கைக்கு அடியில தள்ளியாச்சு.

தஞ்சாவூர் நடன பொம்மைதான் படுத்துது. தலை, உடம்பு, பாவாடைன்னு ஒண்ணு மேல ஒண்ணா ஆடுற ரகம். கும்பகோணம் ரோட்டுல ஒரு வேகத்தடை, 'டங்'னு சத்தம். பாவாடை விளிம்புல கட்டைவிரல் அகலத்துக்குச் சில்லு பேந்து, உள்ளே காகிதக்கூழ் தெரியுது. "அதுவும் ஞாபகம்தானே"ங்குறார் இவர். ஓட்டினது அவர்தான்!

பேந்த இடத்தை எதை வெச்சுப் பூசலாம்? எம்-சீல் போட்டு மேல பெயிண்ட் அடிச்சா நிக்குமா? பொம்மையைத் தனித்தனியா கழட்டி அரிசிக்குள்ள புதைச்சு வெச்சிருக்கேன், சரிதானா?

அடுத்து சுவாமிமலை. உள்ளங்கை அளவு வெண்கலச் சிலை போதும். வேன் திரும்புற அளவுக்கு இடம் இருக்கிற பட்டறை தெரிஞ்சா சொல்லுங்க. வியாழக்கிழமை காலையில அங்கே இருப்போம்.