‘அஃபேசியா’வுக்குத் தமிழ்: ஊமையா, பேச்சிழப்பா?

குழுவினருக்கு வணக்கம். பக்கவாதத்துக்குப் பின் பேச்சு போனவர்களின் வீட்டாருக்கான சிறு கையேட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மூளை பாதிப்பால் மொழி தடுமாறும் நிலையான ‘அஃபேசியா’வுக்கு மட்டும் சொல் அமையவில்லை. ‘ஊமை’ என்று எழுதினால் நோயாளியின் மனைவி முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார். ‘பேச்சிழப்பு’ போதுமா?

*

மருத்துவர் அம்மாவுக்கு வணக்கம். ஊமையை அவ்வளவு எளிதில் தள்ள வேண்டாம். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் ‘ஊமும் செவிடும்’ என வருகிறது. அந்த ‘ஊம்’, வாய் மூடியபடி எழுப்பும் ஒலியிலிருந்தே பிறந்தது என்பேன். கம்பர் ‘மூங்கையான் பேசலுற்றான் என்ன’ என்று ஆளும், ஊமையைக் குறிக்கும் மூங்கையை அதே பொருளுள்ள வடமொழி மூகத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு. இலத்தீன் ‘மூத்துஸ்’ வரை அந்த மகரம் கேட்கிறது. அது கிடக்கட்டும். குறுந்தொகை 224இல், கிணற்றில் விழுந்த குராற்பசுவின் துயரை இரவில் கண்ட ‘உயர்திணை ஊமன்’ வருகிறான். கோட்டானுக்கும் ஊமன் என்று பெயருண்டு, அதனால்தான் அந்த அடைமொழி. கண்டது அவனுக்குத் தெரியும், சொல்லத்தான் வழியில்லை. உங்கள் நோயாளியும் அவன்தானே?

*

இல்லை ஐயா. சாவியைக் காட்டிக் கேட்டால் ‘கதவு’ என்கிறார் ஒரு பெரியவர். தவறென்று உணர்ந்து தலையில் அடித்துக்கொள்கிறார். எழுதச் சொன்னாலும் அதே தடுமாற்றம். நாவுக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் சிலர் தங்கு தடையின்றிப் பேசுகிறார்கள், பேச்சில் பொருள்தான் இல்லை. அவர்களை ஊமை என்பது எப்படி?

*

அப்படியானால் பேச்சிழப்பும் தவறுதானே? ‘மொழியிழப்பு’ எனலாம் என்றால், ஓர் இனம் தாய்மொழியை மறப்பதாகப் படிப்பவர் கொள்வர். ‘இன்மை’யைவிட ‘இழப்பு’ நல்லது என்பதை மட்டும் ஏற்கிறேன், ஏனெனில் இருந்ததுதான் போயிற்று. பிரான்சிலும் இந்தச் சண்டை நடந்ததுண்டு: 1861இல் மருத்துவர் புரோக்கா இந்நிலைக்கு ‘அஃபெமியா’ என்று பெயரிட, கிரேக்கத்தில் அது அவப்பெயரைக் குறிக்கும் என்று சொல்லி 1864இல் இன்னொரு மருத்துவர் துரூசோ ‘அஃபேசியா’வைக் கொண்டுவந்தார்.

*

குழுவில் நால்வர் ஒப்பியதால் அட்டையில் ‘பேச்சிழப்பு’ என்றே போடுகிறேன். சொல் நினைவுக்கு வராமையும் பிறர் சொல் விளங்காமையும் இதில் அடங்கும் என்று முதல் பத்தியில் விளக்கிவிடலாம்.

*

அடியேன் உடன்படவில்லை. ‘சொல்லிழப்பு’ என்பதே சரி, மறுபதிப்பின்போது நினைவூட்டுவேன்.