காய்கறி சேர்த்த நாட்டுக்கோழிக் குழம்பு: கத்தரிக்காய் கரைகிறது, உருளைக்கிழங்கு வேகவில்லை

பொள்ளாச்சிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சமையல் என் பொறுப்பில் இருக்கிறது. 74 வயதான என் தாயார் முதல் 6 வயது மகள் வரை ஏழு பேர் ஒன்றாக அமர்ந்து உண்கிறோம். கறிக்குழம்பு ஓர் அடுப்பிலும் காய் இன்னோர் அடுப்பிலுமாக வைக்காமல், கோழியும் காய்கறியும் சேர்ந்து கொதித்து இரண்டின் சுவையும் ஏறிய ஒரே குழம்பாக வைத்து, மதியம் சோற்றுக்கும் இரவு தோசைக்கும் அதையே பரிமாற வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு முறை முயன்றும் சரியாக வரவில்லை.

முதல் முறை ஒரு கிலோ நாட்டுக்கோழி, 300 கிராம் உருளைக்கிழங்கு, இரண்டு முருங்கைக்காய், கால் கிலோ கத்தரிக்காய் எல்லாவற்றையும் மசாலாவுடன் குக்கரில் போட்டு ஆறு விசில் விட்டேன். கறி நன்றாக வெந்திருந்தது. ஆனால் கத்தரிக்காயில் தோல் மட்டுமே மிஞ்சியது. முருங்கைக்காய் நார் நாராகப் பிரிந்து குழம்பெங்கும் பரவிவிட்டதால் என் தாயாரால் உண்ணவே முடியவில்லை. அடுத்த முறை குக்கரைத் தவிர்த்து, அகலமான பாத்திரத்தில் நான்கு தக்காளியும் அரைக் குவளைத் தயிரும் சேர்த்துக் கோழியை 20 நிமிடம் வேகவைத்து, அதன் பிறகு காய்களைப் போட்டேன். அரை மணி நேரம் கொதித்தும் உருளைக்கிழங்கின் நடுப்பகுதி நறுக்கென்றே இருந்தது. அது வேகட்டும் என்று காத்திருந்ததில் கத்தரிக்காய் மீண்டும் கரைந்தது. கறியோ ரப்பரைப் போல இழுத்தது. குழம்பும் நீர்த்துப் போனது. எந்தக் காயை எப்போது போட வேண்டும், நான் எங்கே தவறுகிறேன் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரூர் அம்மணி எழுதியது:

தம்பி, நாட்டுக்கோழியையும் கத்தரிக்காயையும் ஒரே நேரத்தில் அடுப்பில் ஏற்றினால் இரண்டில் ஒன்று கெடத்தான் செய்யும். நான் கோழியை முதலில் தனியாக வேகவைத்துத் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கோழி வெந்த நீரிலேயே காய்களை வேகவிடுவேன். காய்க்குள் கறியின் ருசி இறங்குவது அந்த நீரால்தான். ஆகவே அதில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

கோழியைத் தோலோடு வாங்குங்கள். மஞ்சள் பூசித் தீயில் வாட்டித் தரும்படி கடையிலேயே கேளுங்கள். குழம்பின் மணத்தில் பாதி அந்த வாட்டலில் இருக்கிறது. எலும்போடு நடுத்தரத் துண்டுகளாக வெட்டி, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், உப்பு, உரித்த சின்ன வெங்காயம் பத்து, மூன்று குவளை நீர் ஆகியவற்றுடன் குக்கரில் வைத்து, ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம் விடுங்கள். முட்டையிட்டு முதிர்ந்த கோழியானால் 25 நிமிடம் வேண்டும். பிராய்லர் கோழிக்கு இந்த வேலையே இல்லை. அது குழம்பிலேயே 20 நிமிடத்தில் வெந்துவிடும்.

மசாலாவுக்கு மூன்று மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, எட்டு வரமிளகாய், மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, 150 கிராம் சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு விரல் அளவு இஞ்சி ஆகியவற்றைக் கடலை எண்ணெயில் வதக்கி, ஆறவைத்து, விழுதாக அரைத்துக் கொள்ளுங்கள். மண்சட்டியில் கறிவேப்பிலை தாளித்து, அந்த விழுதை எண்ணெய் பிரியும் வரை பொறுமையாகக் கிளறி, கோழி நீரை ஊற்றுங்கள். கொதி வந்ததும் பெரிய துண்டுகளாக வெட்டிய உருளைக்கிழங்கையும், ஐந்து நிமிடம் கழித்து முருங்கைக்காயையும், மேலும் ஐந்து நிமிடம் கழித்துக் கத்தரிக்காயையும் போடுங்கள். கத்தரிக்காய் பிஞ்சாக இருக்கட்டும். காம்பை நீக்காமல் நான்காகக் கீறிப் போட்டால் கரையாது. பத்து நிமிடத்தில் மூன்றும் ஒன்றாக வெந்து நிற்கும். அதன் பிறகே கோழித் துண்டுகளும், தனியே எண்ணெயில் மசிய வதக்கிய இரண்டு தக்காளியும் சேர வேண்டும். இறுதியில் அரை மூடித் தேங்காயை ஒரு தேக்கரண்டி கசகசாவுடன் அரைத்து ஊற்றி, சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்து இறக்குங்கள். தயிர் இந்தக் குழம்புக்கு வேண்டாம்.

உங்கள் தாயாருக்கு முருங்கைக்காயின் சதையை மட்டும் கரண்டியால் வழித்துச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். பல் இல்லாதவர்களும் விரும்பி உண்பார்கள்.

உணவியல் ஆசிரியர் எழுதியது:

அம்மணி அவர்கள் தக்காளியைக் கடைசிக்குத் தள்ளியிருப்பதை நண்பர் கவனிக்க வேண்டும், ஏனெனில் இரண்டாம் முறை உருளைக்கிழங்கு வேகாமல் போனதற்குக் காரணம் அங்குதான் இருக்கிறது. காய்களின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். கொதிநீரில் அது கரைந்து விலகும்போதுதான் காய் மெத்தென்று ஆகிறது. புளிப்பு மிகுந்த நீரில் அது எளிதில் கரைவதில்லை. சாம்பார் வைக்கும்போது காய் வெந்த பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதும் இதற்காகவே. நான்கு தக்காளியும் தயிரும் கலந்த குழம்பில் போட்ட உருளைக்கிழங்கு அரை மணி நேரத்தில் வேகாததில் வியப்பில்லை. தயிரிலும் தக்காளியிலும் உள்ள நீரே குழம்பையும் நீர்க்கச் செய்தது.

கறி ரப்பரைப் போல இழுத்ததற்குக் காரணம் வேறு. பிராய்லர் கோழி ஏறக்குறைய ஆறு வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடும். நாட்டுக்கோழியோ பல மாதங்கள் ஓடியாடி வளர்ந்தது, ஆகவே அதன் தசைகளைச் சுற்றியுள்ள கொலாஜன் என்னும் இணைப்புத் திசு உறுதியாக இருக்கும். தசை விரைவில் வெந்து இறுகிவிடுகிறது. கொலாஜனோ நெடுநேர வெப்பத்தில்தான் இளகி ஜெலட்டினாக மாறுகிறது. நீங்கள் அடுப்பை அணைத்தபோது முதல் மாற்றம் முடிந்து, இரண்டாவது முடியாமல் இருந்திருக்கும். அந்த ஜெலட்டின் நீரில் கலக்கும்போது குழம்புக்குத் தானாகவே கெட்டித்தன்மை வரும் என்பதால், மாவு எதையும் கரைத்து ஊற்ற வேண்டியதில்லை.

அம்மணி அவர்களின் முறையில் ஒன்றை மட்டும் சேர்ப்பேன். தனியாக வெந்த கோழித் துண்டுகளுக்குள் மசாலா இறங்கியிருக்காது என்பதால், அவற்றைக் குழம்பில் சேர்த்த பின் குறைந்தது பத்து நிமிடமாவது சிறு தீயில் கொதிக்க விடுங்கள். இரவுக்கு வைக்கும் பங்கை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, உண்ணும்போது நன்றாகக் கொதிக்கவைத்துக் கொள்ளுங்கள்.

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஊர்க்கோழி என்று சொல்வோம். எங்கள் வீட்டில் கோழிக்கறிக்குள் உருளைக்கிழங்கு போடாத நாள் குறைவு. குக்கரில் அவிப்பதை நான் விரும்புவதில்லை என்பதை மரியாதையுடன் சொல்கிறேன்; மூடிய சட்டியில் சிறு தீயில் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் வேகும்போது கறித்தூள் இறைச்சியின் உட்புறம் வரை ஊறிவிடும், அதைப் பிறகு பத்து நிமிடத்தில் ஈடுசெய்ய இயலாது. மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் ஆகியவற்றை வறுத்து இடித்த தூளுடன் கோழியைப் பிரட்டி, இரண்டாம் தேங்காய்ப்பாலிலும் தண்ணீரிலும் அவிய விடுவோம். இறைச்சி முக்கால் பதம் அவிந்ததும் உருளைக்கிழங்கு சேரும். கிழங்கு உடையும் பதம் வந்த பின்னரே தடித்த முதற்பாலை விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குவோம். தேசிக்காய்ப்புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விடுவது அடுப்பிலிருந்து இறக்கிய பின்னர்தான். சூட்டோடு விட்டால் கைக்கும் என்று என் அம்மம்மா சொல்வார். கிழங்கும் அதனால்தான் எங்களுக்கு ஒருநாளும் வேகாமல் நின்றதில்லை என்பதை ஆசிரியரின் விளக்கத்தைப் படித்த பின்னர் உணர்கிறேன்.

கத்தரிக்காயைக் கோழியோடு சேர்ப்பது எங்கள் வீட்டில் இல்லை. அதைப் பொரித்துத் தனிக்கறியாக வைத்தால்தான் அதன் சுவை தெரியும் என்பது என் எண்ணம்.

சிங்கப்பூர்த் தமிழர் எழுதியது:

வெளிநாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு செய்தி. சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் அப்படியே. ஊரிலிருந்து வருபவர்கள் மசாலாப் பொட்டலத்தோடு அதை எடுத்து வராமல் இருப்பது மிகவும் முக்கியம். அதற்குப் பதிலாக ஊறவைத்த முந்திரிப்பருப்பு எட்டு அல்லது பத்தைத் தேங்காயுடன் அரைத்தால் குழம்பு அதே அளவு கெட்டியாக வருகிறது.

பொள்ளாச்சிவாசி எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று அம்மணி அவர்களின் முறைப்படியே வைத்தேன். கோழி சற்று முதிர்ந்தது என்று கடைக்காரர் சொன்னதால் குக்கரில் 25 நிமிடம் விட்டேன், தயிரை நீக்கினேன், தக்காளியைக் கடைசியில் சேர்த்து, ஆசிரியர் கூறியபடி மேலும் பத்து நிமிடம் கொதிக்க விட்டேன். உருளைக்கிழங்கு கரண்டி பட்டதும் பிளந்தது. கத்தரிக்காய் காம்போடு முழுதாக இலைக்கு வந்தது. முருங்கைக்காயின் சதையை வழித்துக் கொடுத்தபோது என் தாயார் இரண்டாம் முறை சோறு கேட்டார். அவர் அப்படிக் கேட்டுப் பல நாட்கள் ஆகின்றன. இரவு தோசைக்காகக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குழம்பு பாத்திரத்தைச் சாய்த்தாலும் அசையாத அளவுக்கு உறைந்திருந்தது. சூடேறியதும் இளகி, மதியத்தைவிடக் கெட்டியாகவே தோசையோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் வடமராட்சி நண்பரின் முறையில், குக்கர் இல்லாமல் சட்டியிலேயே வைத்துப் பார்க்கப் போகிறேன். ஒரு கிலோ கோழிக்கு எத்தனை தேங்காயின் பால் வேண்டும் என்பதை மட்டும் அவர் தெரிவிக்க வேண்டுகிறேன்.

வடமராட்சி எழுதியது:

நல்ல முற்றிய தேங்காய் ஒன்று போதும். முதற்பாலை ஒரு குவளைக்கு மேல் எடுக்க வேண்டாம்.