புதுப்பிப்பு: செந்தூல் வேலைநிறுத்தமும் பாட்டியின் கடன் நோட்டும்

1962 டிசம்பரில் நடந்த மலாயா ரயில்வே வேலைநிறுத்தத்தில், கோலாலம்பூரின் செந்தூல் ரயில் பட்டறையிலிருந்த தாத்தாவும் இறங்கியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். எதற்காக என்று சிலர் கேட்டீர்கள். நாள் சம்பளக்காரர்களை மாதச் சம்பளத்துக்கு மாற்ற வேண்டும், அதுதான் முக்கியக் கோரிக்கை. மூன்று வாரத்துக்கும் மேல் நீடித்தது.

அப்புறம், பாட்டி நேற்று மளிகைக் கடைக் கடன் நோட்டை எடுத்துத் தந்தார். அட்டை கிழிந்து, ரப்பர் வளையம் போட்டது. டிசம்பர் கடைசியில் அரிசி பாதியாகிறது. நெத்திலியே இல்லை. பக்கம் முழுக்க மரவள்ளிக்கிழங்குதான். தொட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“கடைக்காரர் ஒரு நாள்கூட வாய் திறந்து கேக்கலய்யா” என்றார் பாட்டி. சித்திரையில்தான் கடைசிக் காசைக் கொடுத்தார்களாம். அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இருக்கிறது.