பாடும்போது என் குரலே தாமதமாகக் கேட்கிறது

கேள்வி: ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் தம்பூரா டிராக்கை ஓடவிட்டு ஹெட்போனில் கேட்டபடி பாடினால் என் குரல் கொஞ்சம் தள்ளி எதிரொலி மாதிரி வருகிறது, தாளமே நழுவிவிடுகிறது. பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகள், அதாவது சாம்பிள்களின் எண்ணிக்கை) 1024. புது கம்ப்யூட்டர்தான் வாங்க வேண்டுமா?

பதில்: காசை வைத்துக்கொள்ளுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் சுமார் 23 மில்லி நொடி, அதுவும் உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை. பதிவின்போது 128-க்கு இறக்குங்கள், ஒவ்வொரு முறைக்கும் மூன்று மில்லி நொடிக்குள் வந்துவிடும். டிராக்குகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொருவர்: 128-இல் எனக்குப் பட்பட் என்று சத்தம் வந்தது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், குரல் கம்ப்யூட்டருக்குள் சுற்றாமல் நேரே காதுக்கு வரும். அப்புறம் ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குரல் கேட்கும்.

கேட்டவர்: அட, பொத்தான் முன்பக்கமே இருக்கிறது! சரியாகிவிட்டது. ரிவெர்ப் (அறை முழக்கம் சேர்க்கும் எஃபெக்ட்) இல்லாமல் என் குரலைக் கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது.