ரிப்ளை 1988 பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். 2015-இல் வந்த ‘ரிப்ளை 1988’ கொரியத் தொடரில் ஆறு பகுதிகள் பார்த்திருக்கிறேன். சியோலில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை. சாப்பாட்டு நேரமானால் ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குப் போகும், அங்கிருந்து வேறொன்று திரும்பி வரும், பிள்ளைகள்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதைப் பார்க்கவே மனசு நிறைந்துவிட்டது.

முதல் பகுதியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. நடுப்பிள்ளை டொக்சுனுக்குத் தனியாகப் பிறந்தநாள் கேக் கிடையாது, அக்காவின் கேக்கிலேயே மெழுகுவர்த்தியைக் குறைத்து முடித்துவிடுவார்கள். பொரித்த முட்டையும் கோழியின் லெக் பீஸும் மற்ற இருவருக்குத்தான். எனக்கும் முட்டை பிடிக்கும் என்று அவள் அழுதபோது நானும் அழுதுவிட்டேன். அப்புறம் அப்பா சின்னக் கேக்கோடு தெருவில் வந்து, தனக்கும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை என்று மன்னிப்புக் கேட்கிறார்.

என் அம்மாவும் நடுப்பிள்ளைதான். அவரோடு உட்கார்ந்து முழுசாகப் பார்க்க ஆசை. ஆனால் மொத்தம் 20 பகுதிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் போகிறது. டொக்சுன் யாரைக் கட்டிக்கொள்வாள் என்ற கேள்வி பின்பாதியில் குடும்பக் கதையை விழுங்கிவிடுமா? வயதானவர்களோடு பார்த்தவர்கள் இருந்தால், அவர்களுக்குப் பிடித்ததா, எந்த இடத்தில் அலுத்தது என்று சொல்லுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.